கதவைச் சாத்தாதீங்க

பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பட்டை
விசிறிக் காட்டிக்கொண்டிருந்தேன்.
பணகுடிக் கல்யாணக் கூட்டம், பதினோரு பேர்.
பெண்ணின் சித்தி முந்தானையை முகர்ந்தாள்.
பிறகு என் பக்கம் திரும்பி
இன்னொரு முறை.
அவர்கள் போனதும்
சூப்பர்வைசர் பிரமநாயகம் காதோரம் வந்தார்:
'என்னவே, மழைன்னு குளிக்கலையா?'

குளித்தேன். இரண்டு தடவை.
வாடை என் சட்டையில்.
கடை கொடுத்த மெரூன் சட்டை,
நேற்றுத்தான் துவைத்தது.

அதற்குப் பெயர் வைக்க முடியவில்லை.
மொச்சை என்றால் ஆட்டுக்குப் போகும்.
கவிச்சி என்றால் மீனுக்கு.
சிக்கு, தலையணை உறைக்கு.
இது ஈரத்தோடு பூட்டிவைத்த ஏதோ ஒன்று,
உடம்புச் சூடு பட்டதும் எழுந்து உட்கார்வது.
போடும்போது ஒன்றும் தெரியாது.
வண்ணார்பேட்டை பஸ்ஸில் நாலு பேர் நெருக்கியதும்
'நானும் வாரேன்' என்னும்.

ஐப்பசி முழுக்க சமாதானபுரத்தில் வெயில் இல்லை.
கொடியில் மூன்று நாளாய்த் தொங்கின பனியன்கள்
கல்யாணம் முடிந்தும் கிளம்பாத உறவுக்காரர்கள் மாதிரி.
நான் பொடியைக் கூட்டினேன்.
ஒரு மூடி, இரண்டு மூடி,
அப்புறம் நீல பாட்டிலில் வாசனைத் தண்ணீர்.
சட்டை இப்போது
மல்லிகைக்கு அடியிலிருந்து நாறியது,
துஷ்டி வீட்டு ஊதுபத்தி போல.

மேலப்பாளையம் சேக் உதுமானுக்குப் போன் போட்டேன்.
மெக்கானிக். வர மாட்டேன் என்றார்.
'வந்தா முந்நூறு. சும்மாவே சொல்லுதேன்.
வாய்க்குள்ள ரப்பர் வளையம் இருக்கும்லா,
அத விரிச்சுப் பாருங்க.
பார்த்துட்டு சாப்பிட உக்காராதீங்க.'

விரித்தேன்.
மடிப்புக்குள் கறுப்பாய், கொழகொழவென்று,
ஒரு வருஷம்.
அதற்குள் ஓர் ஐந்து ரூபாய், ரவிக்கைக் கொக்கி மூன்று,
விலைச்சீட்டின் நூல்,
திருச்செந்தூர் போய்வந்த டிக்கெட், கூழாக.
கீழே மூலையில் சின்ன மூடியைத் திருகினால்
பழைய தண்ணீரைக் கக்கியது, என் கால் மேல்.
தேய்ந்த டூத்பிரஷ், வினிகர், ஒரு மணி நேரம்.
பிறகு துணியே போடாமல்
வெந்நீரை மட்டும் சுற்ற விட்டேன்.
வெறும் மெஷின் அத்தனை மும்முரமாய்ச் சுற்றியது,
மார்கழியில் ஆளில்லாக் கடைக்கு
ஏசி ஓடுவது மாதிரி.

சொர்ணவல்லி நிலைப்படியில் நின்று பார்த்தாள்.
'ராத்திரி பதினோரு மணிக்கு வந்து போடுவீங்க.
அது முடியும்போது நீங்க குறட்டை.
விடிய விடிய ஈரமா உள்ளயே கெடக்கும்.
காலைல எடுத்து
என் சேலைய மட்டும் குழாயடில
இன்னொரு தடவ அலசிக்கிடுவேன்.'

'எத்தன நாளா?'

'போன தீவாளில இருந்து.'

'ஏன் சொல்லல?'

'வீட்டுல நீங்க செய்யுத ஒரே வேல.
அதுலயும் குத்தம் சொன்னா விட்ருவீங்க.'

பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தேன்.
கழிவுக் குழாயில் வெந்நீர் இறங்கும் சத்தம்
வெகுநேரம் கேட்டது.

இப்போது பொடி அரை மூடி.
காலை ஐந்தரைக்குப் போட்டு
கிளம்புமுன் உதறி விரிக்கிறேன்.
மெஷின் கதவைச் சாத்துவதில்லை.
'அதுவும் மூச்சு விடணும்லா' என்றிருந்தார் உதுமான்.
குறுகின நடை; ராத்திரி எழுந்தால்
முழங்காலில் இடிக்கிறது.

பிரமநாயகம் அன்றைக்குப் பக்கத்தில் வந்தார்.
மூக்கை நீட்டினார்.
ஒன்றும் சொல்லாமல்
டீ சொல்லப் போனார்.

வாடை போனது நல்லதுதான்.
ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டவளுக்கு
வழி தெரிந்துவிட்டது.
நேற்று விளக்கணைத்த பிறகு
'இன்னொண்ணு சொல்லட்டா?' என்றாள்.
சொன்னாள்.
அதை இங்கே எழுதுவதாய் இல்லை.
முழங்காலைத் தடவிக்கொண்டே
கேட்டேன்.